போனை இறக்கிய பிறகு அழலாம்

மொட்டை மாடி வெயிலில், ஏசியின் வெளிப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக். வாயில் இரண்டு திருகாணி, கையில் ஸ்பேனர். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. வேலையை முடித்துவிட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காதே. எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார்.

குடும்பக் குழுவில் மூத்த சகலை ஒரு படம் போட்டிருந்தார். மெக்கானிக் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகர். மலை மேல் ஒரு கூடாரம், அதன் முன்னால் அவரும் மனைவியும் மகளும், மூவருக்கும் ஒரே நிறச் சட்டை. கீழே ஒரு வரி: "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறவங்களுக்கு இந்தக் காத்தோட அருமை எங்க தெரியப் போகுது." மாமியார் வரிசையாக இதயம் போட்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவியும் தன் பங்குக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாள்.

மெக்கானிக் போல்ட்டை முடுக்கினார். கோபத்தில் தேவைக்கு மேல் முடுக்கினார். மரை கழன்று போல்ட் சும்மா சுற்றியது. போல்ட்டுக்கு மட்டும்தான் மரை கழன்றது என்று அப்போது நினைத்துக்கொண்டார், பாவம்.

விஷயம் இந்தப் படத்தில் தொடங்கியதல்ல. போன மாதம் மூத்த சகலையின் மகளுக்குப் பிறந்தநாள். மாமனார் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. பெரிய டிவியில் தன் குடும்பம் ஏறிய மலை, படுத்த கூடாரம், குளித்த அருவி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்த சகலை, திடீரென்று மெக்கானிக்கின் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நம்ம கூலிங் சகலை வீட்டுப் பிள்ளைங்க ஃப்ரிட்ஜ்ல வெச்ச தக்காளி மாதிரி. பாக்கப் பளபளன்னு இருக்கும். வெளிய எடுத்து வெச்சா சாயந்தரமே கொழகொழன்னு ஆயிடும்."

கூடமே குலுங்கிச் சிரித்தது. மாமனார் சிரித்தார், மாமியார் சிரித்தார், அதையெல்லாம்கூட மெக்கானிக் விழுங்கிக்கொண்டிருப்பார். கட்டின மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அதுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. தொழிலைச் சொல்லி, பெற்ற பிள்ளைகளைச் சொல்லி ஒருவன் கேலி செய்கிறான், இவளுக்குச் சிரிப்பு வருகிறது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. ஆனால் ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் சகலையையும் சேர்த்து மென்றார்.

பழிவாங்கியே தீர வேண்டும். எப்படி என்பதையும் மாடியிலேயே முடிவு செய்துவிட்டார். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். அதற்கொரு தேநீர் விருந்து நடக்க இருந்தது. அதே கூடம், அதே டிவி, அதே சனம். சகலை ஏறியது படிக்கட்டு வெட்டி, கம்பி கட்டிய மலை. இவர் தன் பிள்ளைகளைக் காட்டு ஓடைக்குக் கூட்டிப்போவார். அங்கே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் மடுக்கள் மூன்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக உண்டு. மூன்றாவது மடுவுக்குச் சின்னப் பிள்ளைகளை யாரும் கொண்டுபோவதில்லை. அதனால்தான் அவருக்கு அது வேண்டியிருந்தது. சகலையின் முகம் அந்தக் கூடத்தில் சுருங்கிப்போவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் காட்டைப் பார்ப்பார்கள், ஓடையைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவர் யோசனையில் வரவே இல்லை.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒத்திகை நடந்தது. பெரியவன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்னவளுக்கு ஐந்து வயது. இரண்டு பேரையும் சோபாவில் நிறுத்தி வைத்து, போனைத் தூக்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். "செம ஜாலி" என்று கத்தினார்கள். கல் குத்தினால்? செம ஜாலி. குளிர் எடுத்தால்? அதற்கும் செம ஜாலிதான். பெரியவனுக்குச் சந்தேகம் வந்தது. அழுகையே வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான்.

"போன் மேல இருக்கிற வரைக்கும் அழக் கூடாது. கீழ இறக்கினதும் எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கலாம். நடுவுல அழுதா பெரியப்பா நம்மளப் பாத்துச் சிரிப்பாரு. அப்பா தோத்துடுவேன். அப்பா தோக்கலாமா?"

"கூடாது" என்றாள் சின்னவள்.

பெரியவன் இதையெல்லாம் காதில் வாங்கி அப்படியே விட்டுவிடுகிற ரகம். சின்னவள் அப்படி இல்லை. சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால், நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாலும் நின்றுவிடுவாள். நிற்காமல் போகிறவர்களைக் கவலையோடு பார்ப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் இந்த மனுஷன் சட்டம் போட்டார்.

பிள்ளைகளின் காலுக்குச் சப்பாத்தும் வாங்கினார். தண்ணீரில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சிவப்பு நிறம். சின்னவளின் அளவில் சிவப்பு இல்லை, ஒரு அளவு பெரியதில்தான் இருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டினால் போயிற்று என்றார். காட்டில் அது கழன்று கழன்று வருமே, பழைய செருப்பே போதாதா என்று மனைவி கேட்டாள். பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போங்கள் என்று பல நாள் கேட்டவளும் அவள்தான். ஆனால் இந்தப் போக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்குச் சிரிச்சல்ல. இப்பப் பேசாத."

 சிரித்தது தப்புதான் என்று அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள்தானே, மனுஷன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

காட்டு வாசலில் காவலர் சின்னவளைப் பார்த்ததுமே சொன்னார்: குழந்தைகளோடு முதல் மடுவைத் தாண்ட வேண்டாம், மேலே எங்கேயோ மழை பெய்தால் இங்கே வெயில் காயும்போதே தண்ணீர் ஏறிவிடும். மெக்கானிக் சரி சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா.

முதல் மடு அவ்வளவு அழகாக இருந்தது. முழங்கால் அளவுகூட இல்லாத தெளிந்த தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். பெரியவன் வயிற்றைப் பாறையில் ஒட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகளைப் பார்த்தான். ஒன்றுக்கு வாலும் இருக்கிறது, காலும் முளைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து எல்லோரையும் கூப்பிட்டான். மனைவி பேன்ட்டை மடித்துக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டாள். மீன்குஞ்சுகள் வந்து விரலைக் கொத்த, கூச்சம் தாங்காமல் சின்னவளும் அவளும் ஒருத்தியைப் பிடித்து ஒருத்தி சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பும் இல்லை அது.

மெக்கானிக் போனை எடுக்கவே இல்லை. இதெல்லாம் ஒரு தண்ணியா, இதை டிவியில் போட்டால் சகலை குளியல் தொட்டி என்பான் என்று சொல்லி எல்லோரையும் கிளப்பினார். வெளியே வருவதன் பலனே கையில் கிடைத்திருந்தது. அதை மடுவிலேயே விட்டுவிட்டு மேலே ஏறினார்.

மூன்றாவது மடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரியவன் இரண்டு முறை விழுந்து சட்டை முழுக்கச் சேறாக்கிக்கொண்டான். மனைவி அவனைப் புதருக்குப் பின்னால் கூட்டிப்போய் மாற்றுச் சட்டை போட்டுவிட்டாள். அதுதான் சமயம் என்று மெக்கானிக் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, நடுவே இருந்த தட்டையான பாறையில் நிறுத்தினார். பாறையின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அசையாமல் நில்லு என்று சொல்லிவிட்டுக் கரைக்கு வந்து போனைத் தூக்கினார். பின்னால் அருவி, நடுவில் சிவப்புச் சப்பாத்து. சகலை செத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"செம ஜாலி" என்றாள் சின்னவள். கையை ஆட்டினாள். ஓரடி பின்னால் வைத்தாள்.

தண்ணீரின் நிறம் மாறியது. தெளிவாக இருந்தது கலங்கலாகி, இலையும் சுள்ளியுமாக வரத் தொடங்கியது. மெக்கானிக் பார்த்தது திரையைத்தான். திரையில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"செம ஜாலி" என்றாள் மறுபடியும். இந்த முறை குரல் மெலிந்திருந்தது.

"சத்தமா சொல்லும்மா, தண்ணி சத்தத்துல கேக்கல."

அவள் சத்தமாகச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்துவிட்டது. பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, தகப்பன் கையிலிருந்த போனையே பார்த்தபடி நின்றாள்.

புதரிலிருந்து வெளியே வந்த தாய்க்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளை சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். இப்போது கண் இரண்டும் விரிந்து கிடந்தன.

"போனைக் கீழ இறக்குங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று மெக்கானிக்கின் கையைத் தானாக இறக்கியது. போன் இறங்கியதுதான் தாமதம், சின்னவள் வீறிட்டு அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்த மொத்த அழுகையும் ஒரேயடியாக வந்தது.

"அப்பா, கால் மாட்டிக்கிச்சுப்பா. அப்போவே மாட்டிக்கிச்சுப்பா."

மெக்கானிக் எப்படி உள்ளே பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் பாறையை எட்டியபோது தண்ணீர் பிள்ளையின் இடுப்பில் இருந்தது. அளவுக்குப் பெரிய அந்தச் சப்பாத்தின் மூக்கு இரண்டு பாறைகளின் இடுக்கில் புகுந்து செருகிக் கிடந்தது. அவரே இறுக்கிக் கட்டிய நாடா, நனைந்து இறுகி, அவிழ மாட்டேன் என்றது. எத்தனையோ துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றிய விரல்கள் ஒரு முடிச்சிடம் தோற்றன. கடைசியில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அப்படியே இழுத்தார். சப்பாத்து அங்கேயே நின்றது, தோல் உரிந்து கால் மட்டும் வந்தது. தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். 

கணுக்கால் எலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

இத்தோடு மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள். வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார், பிள்ளையின் காலைத் தடவித் தடவி அழுதார், எல்லாம் உண்மை. ஆனால் பழி பிடித்தவன் கண்ணீரிலும் கணக்குப் போடுவான். இவ்வளவு பட்ட பிறகு அந்தப் படத்தைக் காட்டாமல் விட்டால், பட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்று அவருக்குத் தோன்றியது. மனைவி கத்திய இடத்துக்கு முன்னால் படத்தை வெட்டினார். கட்டு எதற்கு என்று கேட்டவர்களிடம், வீட்டில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார்.

மனைவி அவரோடு பேசவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். விருந்துக்கு முந்தின நாள் அவர் தயங்கித் தயங்கி, படத்தைக் காட்டலாமா என்று கேட்டார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தார்.

"காட்டுங்க. நானே டிவியில போட்டுத் தர்றேன்" என்றாள்.

மெக்கானிக்கின் மனம் குளிர்ந்துபோயிற்று. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார். மன்னிப்பாவது. அந்த அம்மாளின் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. நாலு சுவருக்குள் திட்டினால் நாலு சுவரோடு போய்விடும். எந்தக் கூடத்தில் மார்தட்ட வேண்டும் என்று பிள்ளையைத் தண்ணீரில் நிறுத்தினாரோ, அந்தக் கூடத்திலேயே இவர் கூனிக் குறுகி நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

விருந்தன்று கூடம் நிறைந்திருந்தது. மாமனாருக்கு மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். பிறகு மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாங்களும் கொஞ்சம் வெளியே போய்விட்டு வந்தோம் என்றார். அருவி டிவி முழுக்க விரிந்தது. அதன் நடுவே சிவப்புச் சப்பாத்தில் ஒரு சின்னப் பெண் கையை ஆட்டி "செம ஜாலி" என்றாள். யாரோ விசில் அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மூத்த சகலையின் முகம், மெக்கானிக் ஆசைப்பட்டபடியே, சுருங்கிச் சுண்டிப்போயிற்று. மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்னொரு தடவை போடச் சொல்லி மாமியார் கேட்டார். மனைவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றாள். போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இவ காலைப் பாருங்க. ஆரம்பத்துல தண்ணி எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு? பின்னால வெச்ச இந்த வலது கால் அதுக்கப்புறம் ஒரு தடவையாவது அசையுதான்னு பாருங்க."

 அவள் கொஞ்சம் ஓட்டி மறுபடி நிறுத்தினாள். முழங்காலில் தண்ணீர். பல் தெரியும் சிரிப்பு. விரிந்த கண்கள்.

"கால் பாறையில மாட்டிக்கிச்சு. வெள்ளம் ஏறுது. அப்பா படம் எடுக்கிறாரு, அழக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காரு, அதனால எம் பொண்ணு சிரிச்சிட்டு நிக்கிறா. அவ வீட்டுல வழுக்கி விழல. இதுக்குத்தான் நீங்க கை தட்டினீங்க."

 மாமியார் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். மெக்கானிக்குக் காது இரண்டும் எரிந்தன. ஓடிப் போய்விடலாம் என்றால் கதவருகே கூட்டம் நின்றது. எத்தனையோ நாளாகச் சகலைக்கு என்று அவர் மனதில் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் இப்போது அவரே நின்றார்.

கிடைத்த சந்தர்ப்பத்தைச் சகலை விடவில்லை. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று தெரிய ஒரு பக்குவம் வேண்டும், எல்லோருக்கும் அது வந்துவிடாது என்று ஆரம்பித்தார். அவர் மகள் கேக் தின்றுகொண்டே சொன்னாள்:

"நம்ம எங்க மலை மேல போனோம், அப்பா? நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன், நீங்க திட்டினீங்க. கூடாரத்தைக் கார் நிறுத்துற இடத்துல போட்டுப் படம் எடுத்துட்டு வந்துட்டோம்ல."

சகலை அவசரமாக மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மெக்கானிக்கின் மனைவி அக்கா புருஷனையும் தன் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தான், உங்க தக்காளிப் பேச்சுக்கு அன்னைக்கு நானும் சிரிச்சேன். அதுக்கு இவர் எம் மேலயும் கோவப்பட்டாரு, சரி. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா நேருக்கு நேர் போட்டுக்கணும். பெத்த பிள்ளைங்களைக் கல்லாத் தூக்கி ஒருத்தர் மேல ஒருத்தர் எறியக் கூடாது."

அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. புருஷன் அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்து நின்றார். மனம் ஆறியிருக்க வேண்டும். ஆனால் கூடத்து மூலையில், கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த சின்னவள் அழத் தொடங்கியிருந்தாள். மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கால் வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அன்னைக்குக் கால் மாட்டினதுமே அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தோத்துடுவியே. இப்ப அம்மா சொல்லிட்டாங்க. நீ தோத்துட்டியாப்பா?"

அவளுக்கு அழுகை அதற்குத்தான். முழங்கால் வரை வெள்ளம் ஏறியபோது அந்தப் பிள்ளை காப்பாற்றப் பார்த்தது தன்னை அல்ல, தகப்பனை. கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கும் கையிலிருந்த ரிமோட் கனத்தது. ஜெயித்த சந்தோஷம் அவளிடமும் நிற்கவில்லை.

மெக்கானிக் எழுந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மூத்த சகலையின் முன்னால் போய் நின்றார். அடிதடி ஆகிவிடுமோ என்று மாமனார்கூட நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் தோத்துட்டேன் சகலை. எல்லார் முன்னாடியும் சொல்றேன், நீங்களே ஜெயிச்சவரா இருங்க. பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போறது அவங்க உலகத்தைப் பாக்கிறதுக்கு, உலகம் நம்மளப் பாக்கிறதுக்கு இல்ல. இது தெரியாம எம் பொண்ணைத் தண்ணியில நிறுத்திட்டேன். இனிமே உங்களோட போட்டி போட எங்கிட்ட ஆள் இல்ல."